இரண்டாவது பால்கனி

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், மகனின் அடுக்குமாடி வீடு புதுப்பிக்கப்பட்டுவிட்டது. தூசி ஒத்துக்கொள்ளாதென்று அதுவரை முதியோர் இல்லத்தில் விடப்பட்டிருந்த அப்பா, மூட்டை முடிச்சோடு வந்து சேர்ந்தார்.

"நல்லா சுத்திப் பாருங்க மாமா. இப்ப நமக்கு ரெண்டு பால்கனி" என்றாள் மருமகள்.

அப்பா இரண்டாவது பால்கனியில் போய் நின்றார். எதிரே ஒரே மரங்கள். ஈ, காக்காய் சத்தம்கூட இல்லை.

"எப்படிப்பா இருக்கு?" என்றான் மகன்.

"அரண்மனை தோத்துதுடா. பெட்டியை எங்க வைக்கட்டும்? என் ரூம் எந்தப் பக்கம்?"

மகன் மனைவியைப் பார்த்தான். அவள் மரத்தைப் பார்த்தாள்.

"காத்தோட்டம் வேணும்னு இஞ்சினியர் சொன்னார்ப்பா. சுவரை இடிச்சிட்டோம். நீங்க நிக்கிற இடம்தான் உங்க ரூமா இருந்தது."

அப்பா கீழே எட்டிப் பார்த்தார். அவரை அழைத்து வந்த டாக்ஸி போகாமல் நின்றிருந்தது. மகன் போக வரச் சேர்த்தே வாடகை பேசியிருந்தான்.