வாய் தவறி வந்த பேட்டரி

"இது அவ்ளோதாம்மா. புதுசு வாங்கிக்கறதுதான் ஒரே வழி."

விழுப்புரம் வெர்டா போன் ஷோரூமில், விற்பனைப் பெண் கலைப்பிரியா அந்தப் போனைக் கண்ணாடி மேசைமேல் தள்ளி வைத்தாள்.

"என்னாமா இப்படிச் சொல்றே? வாங்கி ரெண்டு வருஷம்கூட ஆவல" என்றாள் கெங்கம்மாள். திண்டிவனம் பக்கத்திலிருக்கும் பிரம்மதேசத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். "எம்புள்ள குவைத்துல இருக்கறான். அவன் மூஞ்சியப் பார்த்து ரெண்டு வார்த்த பேசறதுக்குள்ள அணைஞ்சி போவுது. போன மாசம் ஏதோ அப்டேட்டுனு வந்துச்சி. அதுக்கு முன்னாடி நல்லாத்தான் இருந்துச்சி."

"அப்டேட் வந்தா பழைய போன் அப்படித்தாம்மா ஆவும்."

"அப்ப பேட்டரிய மாத்திக் குடு. இல்லாட்டி எங்க ஊரு பஜார்ல மாத்திக்கிறேன்."

"வெளிக்கடையில மாத்தினா போனு ஆனே ஆவாது. வேற பேட்டரினு கண்டுபுடிச்சி சாஃப்ட்வேரே பூட்டிடும்."

"நல்லா இருக்குதே நியாயம்! நீங்களும் மாத்த மாட்டீங்க, மாத்தறவனையும் வுட மாட்டீங்க!"

சனிக்கிழமைக் கூட்டம் திரும்பிப் பார்த்தது. பக்கத்து மேசையில் கோலியனூர் மாசிலாமணி, புதுப் போனுக்குத் தவணைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடக் குனிந்திருந்தார். மினி லாரி ஓட்டுகிறவர். அவருடைய வெர்டா போனுக்கும் இதே வியாதி. லோடுக்குக் கூப்பிடுகிறவர்கள் ஊர்ப் பெயரைச் சொல்வதற்குள் அணைந்துவிடும். அவர்களும் வேறு வண்டியைப் பார்த்துக்கொள்வார்கள். இப்போது அவர் பேனாவைத் தாளில் வைக்காமல் பிடித்துக்கொண்டு காதைக் கொடுத்தார்.

சத்தம் கேட்டு மேனேஜர் சீனுவாசன் வெளியே வந்தார். "என்ன கலை?"

"சொன்னாப் புரிஞ்சிக்க மாட்டேங்கிறாங்க சார். காலையிலேர்ந்து ஒரே பேஜாரு."

"யாரு பேஜாரு? நானா?" கெங்கம்மாள் இடுப்புச் சேலையை இழுத்துச் செருகினாள். "திண்டிவனத்துல இருக்கற உங்க கடைக்குப் போனேன். அங்கயும் இதே பாட்டு. காசு குடுத்து வாங்குன பொருளு. பதில் சொல்லாம போவ மாட்டேன்."

"எத்தினி வாட்டிம்மா சொல்றது?" கலைப்பிரியாவின் குரலும் உயர்ந்தது. "அந்த இலவச பேட்டரியெல்லாம் உங்களுக்குக் குடுக்க முடியாது!"

மாசிலாமணி பேனாவைக் கீழே வைத்தார்.

"எந்த இலவச பேட்டரி?" என்றாள் கெங்கம்மாள்.

கலைப்பிரியா நாக்கைக் கடித்துக்கொண்டாள். சீனுவாசன் அவளைப் பார்த்த பார்வையில் நெருப்பு பறந்தது. தெரிந்து வந்து கேட்கிறவர்களுக்குக் கொடு, தெரியாதவர்களிடம் வாயைத் திறக்காதே என்பது அவர் போட்ட சட்டம். போன மாதம் ஒரே ஒரு வாடிக்கையாளரிடம் வாயைத் திறந்ததற்காக அந்தோணி பிரபு என்ற விற்பனையாளரை அன்றைக்கே வேலையைவிட்டு அனுப்பியிருந்தார்.

"ஒண்ணுமில்லம்மா" என்று முணுமுணுத்தாள் கலைப்பிரியா.

"ஒண்ணுமில்லாததுக்கு ஏன் நாக்கக் கடிச்சிக்கிறே?"

மாசிலாமணி எழுந்தேவிட்டார். "ஏம்மா, எந்த போனுக்கு அது?"

"அதெல்லாம் கம்பெனி வெப்சைட்டுல இருக்குதுங்க. நான் சொல்லக் கூடாதுங்க."

சொல்லி முடிப்பதற்குள் ஒரு காலேஜ் பெண் தன் போனில் தேடி எடுத்துவிட்டாள். எல்லோருக்கும் கேட்கும்படி படித்தாள். அப்டேட்டுக்குப் பிறகு அணைந்துபோகும் இந்த மாடல் போன்களுக்கெல்லாம், எந்த ஷோரூமில் கொடுத்தாலும், இந்த வருஷம் முடிகிறவரை பேட்டரியை இலவசமாக மாற்றித் தருவார்கள்.

"அடப்பாவிங்களா! இத வெச்சிக்கினா என் தலையில புதுப் போனக் கட்டப் பார்த்தீங்க?" மாசிலாமணி பத்திரத்தை நாலாகக் கிழித்தார்.

சீனுவாசன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இருங்க சார், இருங்க. திட்டம் இருக்குதுதான். ஆனா பேட்டரி ஸ்டாக் இல்ல. வந்ததும் போன் பண்றோம்."

"சார், நேத்து ஒரு பெட்டி நெறைய வந்துச்சே, மாடியில பிரிக்காம இருக்குதே!" என்றாள் கலைப்பிரியா அப்பாவியாக.

அதற்குப் பிறகு சீனுவாசனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பெட்டி இறங்கியது. கெங்கம்மாள் முதல் ஆளாக நின்றாள். அவளுக்குப் பின்னால் மாசிலாமணி. அவருக்குப் பின்னால் வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போனது. செய்தி வாட்ஸ்அப்பில் பரவி, முண்டியம்பாக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். அன்றைக்கு ஒரு புதுப் போன்கூட விற்கவில்லை. மாசிலாமணி புதுப் பேட்டரி போட்ட போனில், சிரித்துச் சிரித்து ஒரு லோடு பேசிக்கொண்டே வெளியேறினார்.

கடை அடைக்கும்போது சீனுவாசன் கலைப்பிரியாவைக் கூப்பிட்டார். அவள் தலை குனிந்து நின்றாள்.

"மன்னிச்சிடுங்க சார். அந்தம்மா கத்துன கத்துல பயந்து என்னென்னமோ உளறிட்டேன்."

அவள் கண்கள் கலங்கியிருந்ததைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது. "சரி, போ. இந்த மாதிரி சண்டைக்காரிங்ககிட்ட மாட்டினா யாருக்கும் வாய் தவறத்தான் செய்யும். இனிமே அந்தப் பொம்பள வந்தா நீ பேசாத, என்னைக் கூப்பிடு."

"சரிங்க சார்."

பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. கலைப்பிரியா ஓடி வந்து ஏறினாள். ஜன்னலோரம் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருந்த கெங்கம்மாள், அவளைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"வேலைக்கு ஒண்ணும் ஆவலியே மருமவளே? சரி, திண்டிவனம் கடையில உன்ன மாதிரி பொண்ணு யாருனா இருக்குதா?"

"ஜெர்லின்னு ஒருத்தி இருக்கறா அத்தே" என்றாள் கலைப்பிரியா, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "அவ ரெடி. அவ மாமியாருக்குத்தான் சத்தம் போட வராதாம், நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்."