சக்கரத்தில் எண்ணெய்

அப்புத்தளைத் தேயிலை ஆலையின் எஞ்சினை ஓட்டும் சடையனுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. அங்கேயே தூள் சலிக்கும் மனைவி இராக்கம்மாவை விரட்டிக்கொண்டிருந்தான்.

"இஞ்சினியர் துரை வந்து, சக்கரத்துல கயித்தச் சுத்தி, எடையத் தொங்கவிட்டு, எஞ்சினுக்கு எத்தன குதிரை பலமுன்னு அளக்கப் போறாரு. பலம் கொறஞ்சா எஞ்சினையும் என்னையும் மடுல்சீமைத் தோட்டத்துக்குத் தள்ளிருவாங்க. எண்ணெய் பட்டா கயிறு வழுக்கி, கணக்கு கொறஞ்சிரும். கிட்டப் போயிராத!"

"நான் ஏங்க போறேன்? சாமிக்கு வெளக்கேத்தப் போறேன்."

சோதனை நடந்தது. துரை உதட்டைப் பிதுக்கினார்.

"பலம் பத்தாது. மடுல்சீமைக்கு அனுப்பு" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

சடையன் பதறிப்போய், நின்றிருந்த சக்கரத்தைத் தடவினான். விரலெல்லாம் பிசுபிசுத்தது. முகர்ந்தான். சாமி விளக்குக்கு ஊற்றும் நல்லெண்ணெய்.

"அடிப் பாவி! சக்கரத்துக்கும் எண்ணெய்க்காப்பு சாத்துனியா? கூறுகெட்டவளே! இரு, துரையக் கூப்பிட்டு மறுபடி அளக்கச் சொல்றேன்."

இராக்கம்மா வாசலை மறித்தாள்.

"கூறோடதாங்க தடவுனேன். ஓடிப்போனவள்னு நீங்க தலைமுழுகுன நம்ம மக, மடுல்சீமை லயத்து வீட்டுலதான் நெறமாசமா இருக்கா. போய்ப் பாப்போமுன்னு கூப்பிட்டா வருவீங்களா?"

வெளியே துரையின் குதிரை இன்னும் கிளம்பவில்லை.

சடையன் தோளில் கிடந்த துண்டை உருவினான். துரையைக் கூப்பிடவில்லை; எண்ணெய் பட்ட தடயமே தெரியாதபடி சக்கரத்தை அழுத்தித் துடைக்கத் தொடங்கினான்.