ரோமில் முதல் நாள்

"மெதுவாப் பேசு. நாம இப்போ ரோம்ல இருக்கோம்."

ஜோகுபாளையத்தில், தங்கள் சொந்த வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு ஸ்ரீகண்டன் இப்படிச் சொன்னபோது, அவர் மனைவி ராஜலக்ஷ்மிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வாசலில் பூட்டு தொங்கியது. ஜன்னல்களெல்லாம் சாத்தியிருந்தன. புகை வெளியே தெரியுமென்று அடுப்பு மூட்டத் தடை. காலையிலிருந்து ஆகாரம், ஐரோப்பாவில் தின்பதற்கென்று சுட்டுக் கட்டிய முறுக்குதான்.

ஊரே மாலை போட்டு வழியனுப்பிய பயணம். ரிடையரான எஞ்சினியரும் சம்சாரமும் யூரோப் சுற்றப் போகிறார்களென்று தெருவே வாயைப் பிளந்தது. பம்பாயில் இறங்கியதும் அவளைப் பெட்டிகளுக்குக் காவலாக ஒரு பெஞ்சில் உட்கார்த்திவிட்டு, அவர் மட்டும் ஏதோ ஆபீசுக்குள் போனார். வெளியே வந்து, "அந்நியச் செலாவணிக்குப் பர்மிஷன் குடுக்கலை. கெளம்பு" என்றார். அவ்வளவுதான், மறுபடி ரயில். நேற்று இருட்டினபின் திருடர்களைப்போலக் கொல்லைப்புறமாக வந்து புகுந்தார்கள். மானம் கப்பலேறாமல் இருக்க, ஒரு மாதம் இப்படியே பதுங்கிக் கிடக்க வேண்டுமாம்.

"போய்ப் படு. ஜெட் ப்ளேன்ல போனவாளுக்குப் பகல்லதான் தூக்கம் வருமாம். நம்ம அனந்தபத்மநாபன் லண்டன் போயிட்டு வந்து ஆந்தை மாதிரி முழிச்சிண்டிருந்தானே. நமக்கும் அந்த மூஞ்சி வேணுமோல்லியோ?"

"ரயில்ல பொட்டுத் தூக்கம் இல்லை. அந்த மூஞ்சி எனக்கு எப்பவோ வந்தாச்சு."

கைக்கடிகாரத்தை வேறு ரோம் நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்தார் மனிதர். கூத்துதான், போங்கள். ஆனால் எந்தக் கடிகாரம் என்ன காட்டினாலும் ராஜலக்ஷ்மிக்கு ஒரே கணக்குதான். இன்று சாயங்காலம் நாலு மணிக்குக் காக்ஸ் டவுன் சர்ச்சில் அவளுடைய ஒரே பெண் ரமாவுக்கும் கிளாரன்ஸுக்கும் கல்யாணம்.

அந்தப் பேச்சு எடுத்த அன்றே ரமா வீட்டை விட்டுப் போகும்படி ஆயிற்று. கிளாரன்ஸின் அத்தை அல்போன்சாவோடு ஜீவனஹள்ளியில் இருக்கிறாள். அண்ணா, தம்பி, மன்னி என்று உறவெல்லாம் நிறைந்த கூடத்தில் ஸ்ரீகண்டன் சத்தியம் செய்தார்: "அந்தக் கல்யாணத்தன்னிக்கு நான் இந்த ஊர்லயே இருக்க மாட்டேன்." அதற்காகப் போட்ட திட்டம்தான் இந்த யூரோப்.

"ஏன்னா, ஊர்ல இருக்க மாட்டேன்னேள். இருக்கோம். சத்தியம்தான் போயாச்சே. முக்காட்டைப் போட்டுண்டு கொல்லை வழியாப் போய், சர்ச் வாசல்ல நின்னு ஒரு தடவை அவளைப் பாத்துட்டு வந்துடறேனே."

"ரோம்லேர்ந்து காக்ஸ் டவுனுக்கு நடந்தா போவே?" என்று கேட்டுவிட்டு, உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கல்லுக்குள்ளும் ஈரம் உண்டு என்பார்கள். இந்தக் கல்லிடம் அவள் எத்தனையோ நாள் தேடிப் பார்த்தாகிவிட்டது.

கூடத்து இருட்டில் தனியாக உட்கார்ந்தாள். வெளியே மத்தியானப் பால் ஊற்ற வந்த முனிராஜின் குரல் கேட்டது.

"அய்யிரு வீட்டம்மா ப்ளேன் ஏறிட்டாங்கோ. ஒரு மாசம் பால் பேடா, வேணான்னுட்டாங்க."

"குடுத்து வச்ச மவராசி" என்றது எதிர்வீட்டுக் குரல்.

கதவுக்கு இந்தப் பக்கம் அந்த மகராசி, கையிலிருந்த முறுக்கைக் கடித்தால் சத்தம் கேட்குமே என்று பயந்து உட்கார்ந்திருந்தாள். தன் தெருவில், தன் வாசலில், தான் இல்லாமல் எல்லாம் நடப்பதைக் காதால் கேட்பது பெரிய கொடுமை. செத்துப் போனால் இப்படித்தான் இருக்குமோ என்று தோன்றியது. பெண்ணுக்குத் தலை பின்னியது யார்? பூ வைத்தது யார்? அல்போன்சா நல்லவள்தான். இருந்தாலும் பெற்றவளாகிவிட முடியுமா? அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதையும் சத்தமில்லாமல் அழ வேண்டியிருந்தது.

மூன்றரை மணி இருக்கும். வாசலில் ஒரு கார் வந்து நின்றது.

ராஜலக்ஷ்மி எழுந்து போய், கதவில் தபால் போடும் துவாரத்தில் கண்ணை வைத்தாள். வெள்ளைப் பட்டுப் புடவை, தலை நிறைய மல்லிகை. ரமா. ஜீவனஹள்ளியிலிருந்து சர்ச் கூப்பிடு தூரம். இவ்வளவு சுற்றிக்கொண்டு இங்கே எதற்கு வந்தாள்?

"யாரும் இல்லம்மா. பூட்டு தொங்குது பாரு" என்றான் முனிராஜ்.

"தெரியும் முனிராஜ். பொறந்த வாசல். கும்பிட்டுட்டுப் போறேன்."

ரமா படியில் மண்டியிட்டு, நெற்றி தரையில் பட வணங்கினாள். ராஜலக்ஷ்மி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். நடுவில் ஒரு பலகைதான். அதைத் தட்டிவிடக் கையை ஓங்கினாள். பின்னாலிருந்து ஒரு கை அதைப் பிடித்தது.

எரித்துவிடுவதுபோலத் திரும்பினாள். தூங்குகிறார் என்று அவள் நினைத்திருந்த ஸ்ரீகண்டன், குளித்து, பஞ்சகச்சம் கட்டி, நெற்றி நிறைய விபூதியோடு நின்றார்.

வெளியே ரமா, குனிந்த தலை நிமிராமல், கதவுக்கு மட்டும் கேட்கும்படி பேசினாள்.

"அப்பா, நீங்க சொன்ன நேரத்துக்கு வந்துட்டேன். அம்மாவும் பக்கத்துல இருக்காளா?"

ஸ்ரீகண்டன் மனைவியின் கையை விரித்து, அதில் ஒரு பிடி மஞ்சள் அட்சதையை வைத்தார்.

"இந்தத் துவாரம் வழியா, ரெண்டு பேருமாச் சேர்ந்து போடணும். முன்னாடியே சொல்லியிருந்தா உன் அழுகை தெருவுக்கே கேட்டிருக்கும்" என்றார். "பம்பாய்ல நான் எந்தப் பர்மிஷனும் கேக்கவே இல்லை, ராஜி."