லைன்லதான் இருக்கேன் சார்

‘ஆக்டிவேஷன் ஃபெயில்ட்’ என்று காட்டிவிட்டு, ஆடியோ சாஃப்ட்வேர் மறுபடியும் தானாகவே மூடிக்கொண்டது. பென்னி காலண்டரைப் பார்த்தான். வேலையை விட்டுவிட்டு ஊரப்பாக்கத்தில் வீட்டிலேயே ஆரம்பித்த ஸ்டுடியோவுக்கு, சர்ச் பாட்டுதான் முதல் ஆர்டர். ஞாயிற்றுக்கிழமை கொடுத்தாக வேண்டும்.

“ரேஷ்மா, எத்தனை மெயில் போட்டும் சப்போர்ட்ல பதிலே இல்ல. உங்க கம்பெனி சாஃப்ட்வேர்தானே, நீயே சரி பண்ணேன்.”

“வீட்டு ஆளுங்களுக்கு நான் பண்ணக் கூடாது. ரூல்ஸ்,” என்ற அவன் மனைவி, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

“ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார். நான் லைன்லதான் இருக்கேன்,” என்று உள்ளே அவள் பேசுவது கேட்டது.

ஊருக்கெல்லாம் உதவி, புருஷனுக்கு மட்டும் ரூல்ஸா? பென்னி கதவைத் தள்ளினான்.

மேஜை காலியாக இருந்தது. ஹெட்செட்டின் வயர் எதிலும் செருகப்படாமல் தரையில் கிடந்தது.

“லேப்டாப் எங்கே?”

“கம்பெனியை மூடிட்டாங்க பென்னி. போன வாரமே வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க.” அவள் ஹெட்செட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். “என் சம்பளத்தை நம்பித்தானே நீ வேலையை விட்டே? சொல்லப் பயமா இருந்துச்சு.”

அவன் போன் அடித்தது. பாஸ்டர்.

“பாட்டு கிட்டத்தட்ட ரெடி பாஸ்டர்,” என்றான் பென்னி, கதவுக்குப் பின்னால் ‘லைனில்’ பேசிய அவளைவிட இயல்பான குரலில்.