நான்கு வரி இங்கிலீஷ்

"சற்று அமைதி காக்க வேண்டும்! இப்போது நடைபெறப் போவது வெறும் பெண் பார்க்கும் வைபவம் அன்று. ஆங்கில இலக்கியத்துக்கே ஒரு சோதனை!"

அறிவித்தவர் பேராசிரியர் பக்தவச்சலம். மாப்பிள்ளை பீம்ராவின் தாய்மாமன். கல்லூரியில் காலமெல்லாம் இங்கிலீஷ் நடத்தி ஓய்வு பெற்றவர். வாய்க்கு மட்டும் இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டில் மின்விசிறியைத் தவிர எல்லாரும் அடங்கினார்கள்.

"பொண்ணு பி.ஏ. இங்கிலீஷாமே, பேசிக் காட்டட்டும்," என்றாள் பீம்ராவின் அம்மா செல்லம்மா. "மணலி புதுநகர்ல பக்கத்து வூட்டு மேடமெல்லாம் இங்கிலீஷ்லதான் பேசிக்கினு கீதுங்கோ. நம்ம வூட்டுக்கும் ஒண்ணு வோணும்ல?"

ஃபிரிட்ஜ் கேட்பது போலக் கேட்டாள்.

"எம்.ஏ.வுக்கு சீட்டு கெட்ச்சிருக்கு சம்மந்தி. நாளைக்குப் போய் சேரணும்…" என்று மெல்ல இழுத்தாள் பெண் மகிழினியின் அம்மா கெங்கம்மா.

"அதெல்லாம் இன்னாத்துக்கு? இருக்குற இங்கிலீஷே போதும்."

அப்பா பகலவன் பேராசிரியரைக் கும்பிட்டார். "ஐயா படிச்சவரு. படிக்கட்டும்னா படிக்கட்டும், கட்டிக் குடுன்னா கட்டிக் குடுக்கறேன். ஐயா இன்னா சொல்றாரோ அதான்."

மகிழினிக்கு இருந்த பிடிமானம் அந்த ஐயா மட்டும்தான். சட்டைப்பையில் செல்போன் தெரிய உட்கார்ந்திருந்த பீம்ராவின் இங்கிலீஷ், 'ஓவர்டைம்' என்ற சொல்லோடு முடிந்துவிடும்.

"ஒரு பாட்டுச் சொல்லும்மா," என்றார் பேராசிரியர்.

அவள் எழுந்தாள். வேறு யாரையும் பார்க்காமல் அவரை மட்டும் பார்த்து, ராத்திரியெல்லாம் கோத்து வைத்திருந்த நான்கு வரிகளைச் சொன்னாள். கடைசி வரியில் குரல் உடைந்தது. ஒன்றும் புரியாமலே கெங்கம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"யம்மாடி, இன்னாமா பேசுது!" என்று செல்லம்மா வாயைப் பிளந்தாள். "இன்னாண்ணா சொல்லிச்சு?"

"அபாரமான சோகப் பாட்டு. உச்சரிப்பு முதல் தரம். தேதி குறிக்கலாம்!"

கைதட்டல் அடங்கியதும் பேராசிரியர் மகிழினியின் பக்கம் திரும்பி, புன்னகை மாறாமல் இங்கிலீஷிலேயே சொன்னார்: "இந்தக் கல்யாணம் வேண்டாம், படிக்க வேண்டும், அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று நீ கெஞ்சியது நன்றாகவே புரிந்ததம்மா. என் மனைவியும் அன்றைக்கு இப்படித்தான் கெஞ்சினாள். பழகிவிடும்."

அதற்கும் எல்லாரும் கை தட்டினார்கள்.