எட்டுக் கிலோ இளைத்தவன்

தூத்துக்குடியில் சொந்தமாகச் சின்ன விமானம் வைத்திருந்த ரெஜிஸ், தன் திட்டத்தில் ஓட்டையே இல்லை என்று நம்பினான். புறப்படும்முன் விமானம் அவனையும் சேர்த்துத் தன்னை எடை பார்க்கும். வழக்கத்தைவிட ஒரு கிலோ கூடினாலும் சுங்கத்துறைக்குச் சொல்லிவிடும். அதற்காகவே இரண்டு மாதம் வெள்ளரிக்காயும் மோருமாகக் கிடந்து எட்டுக் கிலோ இளைத்திருந்தான். இன்று இருக்கைக்கு அடியில் எட்டுக் கிலோ போதைப்பொருள். கடலைத் தாண்டினால் போதும்.

ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினான்.

"ஒன்றரைக் கிலோ கூடுதல்," என்றது விமானம்.

சுங்க அதிகாரி வந்து அவன் பையைத் திறந்தார். உள்ளே டிபன் கேரியர்! ரெஜிஸ் மனைவிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"நான்தாங்க வச்சேன். எலும்பும் தோலுமா ஆயிட்டீங்களே, கறிச்சோறாவது சாப்பிடுங்க," என்றாள் ஜெனிட்டா.

அதிகாரி சிரித்துக்கொண்டே கேரியரை இறக்கி வைத்தார். எடை சரியாகிவிட்டது.

"கிளம்புங்க சார்."

ரெஜிஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் இரண்டடி நடந்த அதிகாரியும் திரும்பி வந்தார். அவனுடைய தொளதொளத்த சட்டையை ஏற இறங்கப் பார்த்தார்.

"வீட்டம்மா சொல்றது நெசந்தான். ஆளு பாதியாயிட்டீங்க. எடை மட்டும் எப்படி சார் குறையல?"