வெள்ளிக்கிழமை உத்தரவு

"பழிவாங்குறதுக்கு ஆத்தாளையா இழுப்பான், அந்தப் பூதத்தான்?"

ஐம்பதைத் தொட்ட இசக்கி தன் தோல்பை தைக்கும் பட்டறையில் கத்திய கத்தலில், தாராவியின் தையல் மெஷின்களெல்லாம் ஒரு நிமிஷம் நின்று ஓடின.

கோயில் கமிட்டித் தகராறில் அவருக்கும் சாமியாடி பூதத்தானுக்கும் பேச்சு முறிந்து வருஷக்கணக்காகிறது. தெருவில் எதிரெதிரே வந்தால் இருவர் நிழலும்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும். ஆனால் வெள்ளிக்கிழமை அருள் வந்துவிட்டால் பேசுவது பூதத்தான் இல்லையே, அம்மன் அல்லவா! இசக்கி கைகட்டி நின்றுதான் ஆகவேண்டும்.

முதல் வெள்ளி அம்மன், "பீடிக்கட்டை என் காலடியில போடு, மகனே" என்றாள். போட்டார்.

அடுத்த வெள்ளி, "கருவாடு, அப்பளம், ஊறுகா... தொடப்படாது." நாக்கைக் கட்டினார்.

அதற்கும் அடுத்து, "தெனம் மாட்டுங்காவுக்கு நடந்தே போயி எனக்குப் பூ வாங்கிட்டு வா. டாக்ஸி ஏறுன, அப்புறம் இருக்கு!"

நேற்று வந்த உத்தரவுதான் உச்சம். "பிரஷர் மாத்திரைய என் படத்துக்கு முன்னால வச்சுக் கும்பிட்டு, ஒரு நாள் விடாம முழுங்கு."

"ஆத்தாளுக்கு என் பிரஷர் மாத்திரை எப்படித் தெரியும்?" இசக்கி மனைவி பிரேமலதாவிடம் பாய்ந்தார்.

"ஏங்க, ஆத்தாளுக்குத் தெரியாததும் உண்டா? டாக்டரம்மா ஷைஸ்தாவும் இதத்தான தலபாடா அடிச்சுக்கிட்டாங்க? பிரஷரும் சுகரும் ஏறிக் கெடக்கு, இதயம் இன்னும் கெடல, இப்பமே கவனிச்சா காப்பாத்திடலாம், விட்டா அது தளந்துபோயி நாலு எட்டு வைக்கவே மூச்சு வாங்கும்னு. கேட்டீங்களா?"

"எனக்கென்னட்டி, காண்டாமிருகம் மாதிரி இருக்கேன்! இது அந்தப் பய வேலைதான். இன்னைக்கு அவன் வேஷத்தைக் கலைக்கேனா இல்லையா பாரு."

பட்டறையின் செங்குத்தான இரும்பு ஏணியில் தடதடவென இறங்கி, சந்து சந்தாகப் பாய்ந்து, பூதத்தான் வீட்டு மாடி ஏணியிலும் ஒரே மூச்சில் ஏறினார். போன மாதம் இதில் பாதிக்கே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர். கோபத்தில் அது உறைக்கவில்லை.

கதவை எட்டி உதைக்கக் காலைத் தூக்கினார். உள்ளே பேச்சுக் குரல்.

"பீடிய விட்டாச்சு, உப்பக் கொறச்சாச்சு, நடக்க வச்சாச்சு. வார வெள்ளிக்கு அம்மன் என்ன சொல்லணும், டாக்டரம்மா?"

"பிளட் டெஸ்டுக்கு வரச் சொல்லுங்க, அண்ணாச்சி." ஷைஸ்தா சிரித்தாள். "ஆமா, இசக்கி அண்ணாச்சிக்கும் உங்களுக்கும் ஜென்மப் பகைன்னு சொல்லுதாங்களே?"

"பகைதாம்மா. அந்தப் பய போய்ச் சேந்துட்டா, நான் யாருகூடச் சண்ட போட?"